தொட்டியருகே நான் மாற்றிச் சொன்ன பெயர்

என் மூத்த அக்காவின் ஐந்தாவது பெண் குழந்தைக்கு மேட்டூர்க் கோயிலில் ஞானஸ்நானம் நடந்தபோது, வீட்டில் எல்லாரும் பேசி முடித்த பெயரை விட்டுவிட்டு நான் வேறு பெயரைச் சொன்னேன். சாமியார் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் அதையே சொன்னேன். அது இத்தாலிப் பெயர். காவிரிக் கரையில் அதற்கு முன்பு அந்தப் பெயரை யாரும் வைத்திருக்க மாட்டார்கள்.

இதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் என் பெயரைச் சொல்ல வேண்டும். எனக்குப் பிடிக்காத வேலை அது. சரி, சொல்லித் தொலைக்கிறேன். என் பெயர் போதும்பொண்ணு. கோயில் புத்தகத்தில் மாதாவின் பெயர் இருக்கிறது. அது புத்தகத்தோடு சரி. வீட்டிலும் தெருவிலும் தண்ணீர்க் குழாயடியிலும் நான் போதும்தான்.

வரிசையாகப் பெண்ணாகவே பிறந்தால் கடைசியாக வந்தவளுக்கு இப்படி ஒரு பெயரை வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மேலே இருப்பவர் காதில் அது விழுந்து, அடுத்ததை ஆணாக அனுப்பிவிடுவார் என்று நம்பிக்கை. மாரியம்மனைக் கும்பிடுகிறவர்களும் வைத்தார்கள், மாதாவைக் கும்பிடுகிற நாங்களும் வைத்தோம். எங்கள் வீட்டில் நான் நான்காவது பெண். எனக்கு அடுத்துத் தம்பி பிறந்துவிட்டான். ஆகவே என்னுடையது பலித்த பெயர். தெருப்பெண்கள் என் கன்னத்தைத் தட்டி ராசியான பிள்ளை என்பார்கள். ராசியாம்! பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடும்போது என் பெயர் வந்ததும் எவளாவது ஒருத்தி, போதும் சார், புஸ்தகத்தை மூடுங்க என்பாள். வகுப்பே சிரிக்கும். நான் அவள் சடையைப் பிடித்து இழுத்துவிட்டு அடி வாங்குவேன். வாரத்துக்கு ஒரு நாளாவது இது நடக்கும்.

இந்தப் பெயரை எனக்கு வைத்தது அப்பா. அப்படித்தான் வீட்டில் சொன்னார்கள். அப்பா சேலம் ஜங்ஷனில் ரயில்வே வேலையில் இருந்தார். நான் பிறந்ததும், பத்து வயதுப் பெண்ணாக இருந்த அக்காதான் சூரமங்கலத்திலிருந்து ஜங்ஷனுக்கு ஓடிப்போய் அவரிடம் சொன்னாளாம். மறுபடியும் பெண் என்று கேட்டதும் அப்பா, போதும் என்றாராம். அந்த வார்த்தையே பெயராகிவிட்டது. இந்தக் கதையை விருந்தாளிகளுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார்கள். நான் எழுந்து கொல்லைப்புறம் போய்விடுவேன்.

அதற்காக அப்பாவை நான் மன்னிக்கவில்லை. அவர் மட்டும் என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எங்கள் பக்கத்தில் குழந்தையைக் கொஞ்சுகிற மாதிரி, சாமி என்பார். சாமி சாப்பிட்டியா, சாமி தூங்கலையா என்பார். செய்த காரியத்துக்கு வெட்கப்படுகிறார், படட்டும் என்று நினைத்துக்கொள்வேன். அவர் கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது, சாமி கொஞ்சம் தண்ணி குடு என்று கேட்டார். கொடுத்தேன். ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. என் பதினெட்டாவது வயதில் அவர் போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்குப் போனதோடு சரி, அதன்பிறகு கல்லறைத் தோட்டத்துப் பக்கமே நான் போகவில்லை. கல்லறைத் திருநாளுக்கு வீட்டில் எல்லாரும் மெழுகுவத்தியோடு கிளம்பும்போது எனக்கு மட்டும் தலைவலி வந்துவிடும்.

ஐம்பதுகளின் பிற்பாதியில், கன்னியர் நடத்திய ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் எனக்கு உதவியாள் வேலை கிடைத்தது. பிரசவ வார்டைப் பார்த்துக்கொண்டவர் ஓர் இத்தாலிக் கன்னியர். மதர் என்று கூப்பிடுவோம். குள்ளமாக, சிவப்பாக இருப்பார். வெயில் ஏற ஏற இன்னும் சிவப்பார். தமிழ் பேசுவார், ஆனால் வினைச்சொற்களை எல்லாம் முதலிலேயே கொட்டிவிடுவார். பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் அவர் ஓர் இத்தாலிப் பெயரைச் சூட்டிவிடுவார். அது தொப்புள்கொடி கட்டுவது முதல் வீட்டுக்குப் போவது வரை செல்லும் பெயர். அதற்கு அர்த்தம் என்னவென்று குழந்தையின் வீட்டாருக்குச் சொல்வது என் வேலையாகிவிட்டது.

லுச்சியா என்றால் ஒளி. ஜெம்மா என்றால் ரத்தினம். ஸ்டெல்லா என்றால் நட்சத்திரம். வித்தோரியா என்றால் வெற்றி. நம் ஜோதியும் மணியும் ஜெயாவும்தான் அங்கே கவுன் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். ஒரு முறை நாமக்கல் பக்கத்துக் கவுண்டர் வீட்டுக் குழந்தையை மதர் செரேனா என்று கொஞ்சினார். குழந்தையின் அப்பா வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு வந்து, அப்படியென்றால் என்ன என்று மரியாதையாக என்னிடம் கேட்டார். மழை விட்டுத் தெளிந்த வானம் என்று விளக்கினேன். அவர் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, எங்க பக்கம் மழை வந்தாத்தானுங்க பேரு வெக்கோணும். விட்டதுக்கா வெப்பாங்க?"

மதரிடம் இதைச் சொன்னபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு எழுந்து போய் அந்தக் குழந்தைக்கு வேறு பெயர் சூட்டிவிட்டு வந்தார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், பல நாளாக உள்ளே கிடந்த கேள்வியை நான் கேட்டுவிட்டேன். மதர், உங்கள் ஊரில் எல்லாமே ஒளி, ரத்தினம், வெற்றிதானா? போதும் என்று அர்த்தம் வருகிற பெயர் ஒன்றும் கிடையாதா? அவருக்கு என் பெயர் தெரியும். அதன் பொருள் அன்றுதான் தெரிந்தது. பஞ்சு உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். அவர் ஊரில் பிள்ளைகளுக்கு எண்ணைப் பெயராக வைப்பது உண்டாம். ப்ரீமா என்றால் முதலாமவள். செகொந்தா இரண்டாமவள். ஒத்தாவியா எட்டாமவள். இனி வேண்டாம் என்று சலித்துப் போகிறவர்கள் உல்திமா என்று வைப்பார்களாம். கடைசி என்று பொருள். மதரின் அம்மா பெயரே அதுதானாம்.

"வைத்தார்கள், கடைசின்னு பேர். வந்தார்கள் அதன் பிறகு, இன்னும் மூன்று பேர்" என்று மூன்று விரலைக் காட்டினார் மதர்.

நானும் சிரித்துவிட்டேன். என் பெயரை வைத்து நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. கடைசிக்கு அடுத்து வந்ததும் பெண்ணே என்றதும் மதரின் தாத்தாவுக்கு வெட்கமாகிவிட்டதாம். கடவுளுக்கே கணக்குச் சொல்லிக் கொடுக்கப் பார்த்தோமே என்று நொந்துபோய், அந்தக் குழந்தைக்கு பென்வெனுத்தா என்று பெயர் வைத்தாராம். அப்படியென்றால் என்ன என்றேன். மதருக்குச் சட்டென்று தமிழ் வரவில்லை. கதவுவரை நடந்து போய், வெளியே யாரோ நிற்பது போலப் பாவித்து, இரண்டு கையையும் விரித்து, வாங்க, வாங்க, வாங்க என்றார். மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்த தோட்டி அம்மாள் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று திரும்பி வந்துவிட்டாள்.

அந்த வருஷம்தான் அக்காவுக்கு ஐந்தாவது பிரசவம். மாமாவுக்கு மேட்டூரில் ஒரு கம்பெனியில் வேலை, குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். குழந்தை பிறந்துவிட்டது, நீதான் ஞானத்தாய், லீவு போட்டு வா என்று மாமா தபால் எழுதினார். ஓமலூர், மேச்சேரி என்று நின்று நின்று போன பஸ்ஸில் நான் போய் இறங்கினேன். பொண்ணா பையனா என்று தபாலில் இல்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கோயிலில் மரியா என்று சொல்லிவிடு, வீட்டில் போதும் என்றே கூப்பிடப் போகிறோம் என்றாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. வேண்டாங்க்கா, இது ஒன்றை மட்டும் செய்யாதே என்று கெஞ்சினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உனக்கு வெச்சுத்தானடி தம்பி பொறந்தான்? உன்ற பேரு பலிச்சுதில்ல? எனக்கும் பலிக்கட்டும் உடு."

என்னையே சாட்சிக்கு இழுத்தால் நான் என்ன பேசுவது? மாமா நல்ல மனுஷர், ஆனால் அக்கா சொன்னால் சரி என்பதோடு அவர் வேலை முடிந்துவிடும். வெளியே போய் நின்றேன். துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதேன். அந்தக் குழந்தைக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் அது சடை பிடித்து இழுத்து அடி வாங்குவது என் கண்ணில் தெரிந்தது.

அந்தக் காலத்தில் ஞானஸ்நானத்துக்குப் பெற்றவள் கோயிலுக்கு வரமாட்டாள். குழந்தை பிறந்து ஒரு வாரத்துக்குள் தீர்த்தம் ஊற்றிவிட வேண்டும், பிள்ளை பெற்றவளோ நாற்பது நாள் வீட்டைவிட்டு நகரக் கூடாது. ஞானத்தாய்தான் குழந்தையை ஏந்திப் போவாள். ஞானஸ்நானத் தொட்டியருகே நின்று பெயரைச் சொல்வதும் அவள்தான். அவள் என்ன சொல்கிறாளோ அதுதான் புத்தகத்தில் ஏறும். தொட்டியை நோக்கி நடக்கும்போது எனக்கு இது உறைத்தது. கோயில் பெயரை யாரும் கூப்பிட மாட்டார்கள், அது என் அனுபவம். மரியா என்றால் அர்த்தம் கேட்பவரும் இல்லை. ஆனால் வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தால் கேட்டே தீர வேண்டும். கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே இருக்கலாம். என் யோசனை அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஆத்திரம்.

சாமியார் லத்தீனில் கேட்டார், பிறகு தமிழில் கேட்டார். பென்வெனுத்தா என்றேன். ஞானத்தகப்பனாக நின்ற மாமாவின் தம்பி என்னைப் பார்த்து வாயைப் பிளந்தார். சாமியார் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். இத்தாலிப் பெயர் சாமி, அங்கே பீடத்தில் வைத்துக் கும்பிடுகிற அம்மா ஒருவருக்கு இந்தப் பெயர் உண்டு என்று மதர் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எதற்கும் இருக்கட்டும் என்று மரியாவையும் முன்னால் சேர்த்து, சடங்குப்படி குழந்தையின் நாக்கில் உப்பை வைத்தார். அது கோயிலே அதிரும்படி அழுதது.

நான் வீடு சேருவதற்குள் செய்தி அக்காவுக்கு எட்டிவிட்டது. குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். புத்தகத்தில் என்ன எழவு வேண்டுமானாலும் இருக்கட்டும், என் வீட்டில் நான் கூப்பிடுவதுதான் பெயர் என்று ஒரே வார்த்தையில் முடித்தாள். அதற்குப் பிறகு நாலு நாள் அவள் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. வெந்நீர் வைத்தேன், மருந்து இடித்தேன், நாலு பெண்களுக்கும் தலை பின்னினேன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். குழந்தையை அவள் எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை.

ஐந்தாம் நாள் காலை. அக்காவின் மூத்த பெண்ணுக்கு ஒன்பது வயது. நாலாவதாகப் பிறந்த தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். பாயில் கிடந்த புதுக் குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இடுப்பில் இருந்ததை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள்.

"அம்மா, இதையும் நாந்தான் தூக்கோணுமா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்து வைத்துக்கொள்ளக் கேட்டது போலத்தான் கேட்டாள். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. தங்கையை இறக்கிவிட்டு நீ போய் விளையாடு என்று அவளை அனுப்பினாள். அவள் போன பிறகும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, நாலு நாளைக்குப் பின், என்னிடம் வாயைத் திறந்தாள். அந்தப் பேருக்கு என்னதான் அர்த்தம் என்றாள்.

உல்திமாவின் கதையைச் சொன்னேன். கடைசிக்குப் பிறகு வந்த மூன்று பேரைச் சொன்னேன். யாராவது நம் வீட்டு வாசலுக்கு வந்தால் முதலில் நாம் என்ன சொல்லுவோமோ அதுதான் அக்கா இந்தப் பேர் என்றேன். வாங்க என்பதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் முந்தானையை வாயில் அடக்கிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பச்சை உடம்பு, அழாதே அக்கா என்று நான் கிட்டே போனேன். என் கையைத் தள்ளிவிட்டாள்.

"அப்பா போதும்னு சொல்லவே இல்லடி. நாந்தான் சொன்னேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. எனக்கு முந்திய இரண்டு தங்கைகளையும் இடுப்பில் சுமந்தவள் அவள். சுமப்பதற்காகவே மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். இடுப்பு எலும்புமேல் காப்புக் காய்த்திருக்குமாம். நான் பிறந்த அன்று தண்டவாளத்தை ஒட்டி ஓடி, ஜங்ஷனில் கொடியோடு நின்ற அப்பாவிடம் சொன்னாள். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாமி நல்லாருக்குதா என்று கேட்டாராம். வாரேன்னு அம்மாகிட்டச் சொல்லு என்றாராம். அவ்வளவுதான் அவர் சொன்னது.

திரும்பி வருகிற வழியெல்லாம் இவளுக்கு இடுப்பு நினைப்புத்தான். வீட்டில் மருத்துவச்சியும் நாலு பொம்பளைகளும் இருந்தார்கள். உங்க அப்பன் என்ன சொன்னான் என்று அவர்கள் கேட்டார்கள். போதும்னு சொன்னாரு என்றாள் பத்து வயதுப் பெண். உடனே அவர்கள் அதைப் பெயராக்கிவிட்டார்கள். சாயங்காலம் டூட்டி முடிந்து அப்பா வந்தபோது வீடே என்னை அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பெண்டாட்டி ஆசைப்பட்டு வைத்ததாக்கும் என்று அவர் இருந்துவிட்டார். புருஷன் வாக்கு என்று அம்மா இருந்துவிட்டாள். அந்தக் காலத்துப் புருஷன் பெண்டாட்டி உட்கார்ந்து பேசினால்தானே?

"தம்பி பொறந்ததும் எல்லாரும் அந்தப் பேரைத்தான் கொண்டாடினாங்க. அப்பறம் நான் எப்புடிடி சொல்லுவேன்? நீ அவரு மூஞ்சியைப் பாக்காம தண்ணி குடுத்தப்பக்கூட எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துச்சு."

அவளை அறைந்துவிடலாம் போல இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், கை எழுந்தே விட்டது. அந்தக் கையால் எதையாவது செய்தாக வேண்டும் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டேன். சமையற்கட்டுக்குப் போய் அடுப்புக்கு முன்னால் நின்றேன். முதலில் அக்காமேல் கோபம், பிறகு என்மேல். பத்து வயதில் இடுப்பு காய்த்துப்போன பெண்ணோடு எத்தனை நேரம்தான் சண்டை போட முடியும்? கூடத்துக்கு வந்து குழந்தையை நீட்டினேன். அக்கா இரண்டு கையையும் விரித்தாள்.

"வாங்க சாமி" என்றாள். "வாங்க."

அந்தப் பெண்ணை வீட்டில் இன்றுவரை வாங்க என்றுதான் கூப்பிடுகிறோம். குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்க அப்படியே பழகிவிட்டது. அறுபதுகளில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, கோயில் சீட்டில் இருந்த பெயரைப் படிக்க வாத்தியார் பட்ட பாட்டை மாமா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அக்காவுக்கு ஆறாவதாகவும் பெண்ணே பிறந்தது. அதற்குள் மூத்தவளைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தாமல், தொட்டில் ஆட்ட ஒரு அம்மாளை வைத்துக்கொண்டார்கள். ஆறாவதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று மதரைக் கேட்டு எழுதும்படி அக்காவே எனக்குத் தபால் போட்டாள்.

அக்கா உண்மையைச் சொன்ன அந்த வாரக் கடைசியில் நான் சேலம் திரும்பினேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தேன். நாலு வருஷத்தில் புது வரிசைகள் வந்துவிட்டதால் அப்பாவின் இடம் தெரியவில்லை. காவல்காரரைக் கேட்டுத்தான் கண்டுபிடித்தேன். மண்மேட்டில் நெருஞ்சி மண்டிக் கிடந்தது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையாலேயே பிடுங்க ஆரம்பித்தேன். வழியெல்லாம் என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது ஒன்றுதான்.

"நான் பொறந்த அன்னிக்கு வாரேன்னு சொன்னீங்களாமே அப்பா" என்றேன்.

முள்ளை எல்லாம் பிடுங்கி முடிக்க இருட்டும் நேரமாகிவிட்டது.